தேடிக்கொண்டிருக்கிறது

கெயோன் துறைமுகம், மீனவர் சங்கக் கூடம்,
மாலை ஆறே கால்.
தகரக் கூரையில் யாரோ
ஆணிப் பெட்டியைக் கவிழ்த்தபடியே இருக்கிறார்கள்.
இதைத்தான் சிலோயே தீவில் மழை என்கிறோம்.

நாற்பது பேர். ஈரக் கம்பளி வாடை.
மாத்தேக் குடுவை ஒரு சுற்று வந்துவிட்டது.
கரையிலிருந்து வந்த ஆய்வாளர் இவானியா
மடிக்கணினியைத் திறந்தார்.
நான் படகுகளுக்கு ரேடியோ பொருத்துகிறவன்;
ஆகவே கம்பி இல்லாத எல்லாமே என் பொறுப்பு
என்று சங்கத்தில் ஒரு முடிவு.

வெள்ளைத் துணியில் நீலம் விழுந்தது.
நீலத்தின் நடுவே ஒரே சொல்:
தேடிக்கொண்டிருக்கிறது.

அணைத்தேன், போட்டேன்.
பிறகு எல்லோரும் சொன்னதைச் செய்தேன்:
மறுபடி அணைத்தேன், மறுபடி போட்டேன்.

கணினி சங்கத்து வைஃபையில் இருக்கிறது.
புரொஜெக்டரும் நலம், விசிறி சுழல்கிறது.
ஒரே மேசை, நடுவே ஒன்றரை முழம்.
ஆனாலும் ஒன்றுக்கு மற்றொன்று இல்லவே இல்லை,
பேச்சு நின்றுபோன இரண்டு மச்சான்கள்
ஒரே படகில் துடுப்பு வலிக்கிற மாதிரி.

கேபிள் இல்லையா என்றார் மியாலோன்கோ.
இருந்தது. போன குளிரில்
யாரோ அதால் நண்டுக்கூடையைக் கட்டிவிட்டார்கள்.
யாரோ என்பது மியாலோன்கோதான்.

அம்புக்குறியைப் பிடித்து
மெனுவின் அடித்தட்டுவரை இறங்கினேன்.
நெட்வொர்க்கின் பெயர் என்ற இடத்தில்
எங்கள் சங்கம் இல்லை.
சால்மன் கம்பெனி இருந்தது.

மூன்று வருடம் முன்பு பண்ணையை மூடிப் போனபோது
அவர்கள் எங்களுக்கு விட்டுச்சென்றவை:
பதினொரு நாற்காலி, ஒரு காபி இயந்திரம், இது,
விரிகுடாவின் அடியில்
நாங்கள் இன்னும் அளந்து முடிக்காத சேறு.
விளக்கேறும் ஒவ்வொரு முறையும் இந்தப் பெட்டி
இல்லாத அலுவலகத்தின் கதவைத் தட்டி
கடவுச்சொல்லைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.
திறக்கத்தான் ஆளில்லை.

பின்புறம் ஊசித்துளைக்குள் ஒரு பொத்தான்.
பத்து நொடி அழுத்தினால் எல்லாம் மறந்துவிடும்.
ஊசி கேட்டேன். நாற்பது பேரில் ஒருவரிடமும் இல்லை.
தூண்டில்முள் எல்லோரிடமும் இருந்தது.
நோல்ஃபா ஒன்றை அடுப்புக் கனலில் காட்டி
நிமிர்த்தித் தந்தாள்.
ஒன்று, இரண்டு என்று கூடமே எண்ணியது.
ஏழை ஒரு இருமல் விழுங்கிற்று.

விழித்தது. ஜப்பானிய மொழியில் விழித்தது.

நோல்ஃபா பன்னிரண்டு வருடம்
ஓசாகா போகும் கடல்முள்ளெலிப் பெட்டிகளில் சீட்டு ஒட்டியவள்.
துணியருகே போய் நின்றாள்.
கன்னத்தில் எழுத்துகள் ஊர்ந்தன.
‘இதில் ஒன்றுதான் எனக்குத் தெரியும்,’ என்றாள்.
‘திரும்ப அனுப்பு.’
அதையே அழுத்தினோம். மொழிப் பட்டியல் வந்தது.

புதிய பெயர் கேட்டது பெட்டி.
ஆளுக்கொரு படகின் பெயரைக் கூவினார்கள்.
கைகலப்பு ஆகுமுன் ‘மேசை’ என்று அடித்தேன்.
கணினி தேடியது. மேசை கிடைத்தது.
நாலு இலக்க எண் துணியில் தோன்ற
எனக்குக் கண் தெரியாது என்பதுபோல
அத்தனை பேரும் உரக்கப் படித்துக் காட்டினார்கள்.
கைதட்டல். மாத்தே இன்னொரு சுற்று கிளம்பியது.

பிறகு இவானியாவின் வரைபடம்.
எங்கள் கால்வாய்கள், எங்கள் தீவுகள்,
அவற்றின் மேல் சிவப்பு.
படம் கொஞ்சம் கோணல்.
துணியைத் தாண்டிச் சுவரில், அடுப்புக் குழாயில்,
குனிய மறந்த மியாலோன்கோவின் தோளில் சிவப்பு.
கடலில் நச்சுப்பாசி. சிப்பி, மட்டி
எதையும் எடுக்கக் கூடாது.

‘எத்தனை நாள்?’
‘தெரியாது. வாராவாரம் பார்ப்போம்.’

விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
மியாலோன்கோ தோளைத் தட்டிவிட்டார். போகவில்லை.
‘முன்னாடி நல்லா இருந்துச்சு,’ என்றார்,
‘நீலமா இருந்தப்ப.’

தூண்டில்முள்ளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
நிமிர்ந்துவிட்டது.
இனி மீனுக்கு ஆகாது.